361 எம்பி இருந்தும் விழுந்த பில்லு: என்.ஜி.ரங்காவும் 17-வது திருத்தமும், ஒரு நிகழ்வு ஆய்வு

1964 ஏப்ரல் கடைசில லோக்சபாவுல ஒரு பில்லு விழுந்துச்சு. அரசியல் சட்டத்தோட 17-வது திருத்தம், நில உச்சவரம்பு (ஒரு குடும்பம் இவ்ளோ நிலத்துக்கு மேல வெச்சிருக்கக் கூடாதுங்கறது) மாதிரி சட்டங்களை கோர்ட் அடிக்காம காப்பாத்த வந்த திருத்தம். அப்போ ஆட்சியில இருந்த காங்கிரஸ் 1962 எலெக்‌ஷன்ல 494 சீட்டுல 361 ஜெயிச்ச கட்சி, பிரதமர் நேரு, எதிர்ல உக்காந்திருந்த சுதந்திரா கட்சி ஜெயிச்சது வெறும் 18 சீட்டு, இந்தக் கணக்குக்கு பில்லு எப்படி விழும்னு தோணும். அது எதிர் ஓட்டுல விழல, ஆள் பத்தாம விழுந்துச்சு. அரசியல் சட்டத்தைத் திருத்தணும்னா வந்து ஓட்டுப் போட்டவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு வேணும், அதோட சபையோட மொத்த பலத்துல பாதிக்கு மேலயும் வேணும். அந்த ரெண்டாவது கணக்குதான் அன்னிக்கு இடிச்சுது, ஆளுங்கட்சிக்காரங்க அத்தனை பேரு சபைக்கு வரல.

அந்த பில்லை ஊர் ஊரா போயும் சபைக்குள்ளயும் எதிர்த்துக்கிட்டிருந்த ஆளு சுதந்திரா கட்சித் தலைவர் என்.ஜி.ரங்கா, குண்டூர் பக்கத்து விவசாயக் குடும்பம். ஒரே மாசத்துல அந்த வெற்றி காணாமப் போச்சு. மே 27 நேரு இறந்துட்டாரு, கிட்டத்தட்ட அந்த நாள்லயே பில்லு புதுசா திரும்ப வந்துச்சு, ஜூன் முதல் வாரத்துல ரெண்டு சபையிலயும் நிறைவேறி, ஜூன் 20 ஜனாதிபதி கையெழுத்தும் விழுந்துடுச்சு. ரங்கா தோத்தாரு.

இதை இப்ப ஏன் எழுதுறேன்னா, நான் சென்னை பாரிமுனைல ஒரு வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தா. அரண்மனைக்காரத் தெருவுல மாடி ஆபீஸ். எங்ககிட்ட வர கேசுக் கட்டுல நிறைய நிலம் எடுப்பு கேசு, பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, இந்த சைடு எல்லாம் ரோடு, துறைமுகம், பவர் ஹவுஸ், கேஸ் லைன்னு ஏதாவது ஒண்ணுக்கு நிலம் போயிக்கிட்டேதான் இருக்கு. அந்த மனுங்களை டைப் அடிக்கும்போது ஒரு வரி அடிக்கடி வரும், அரசியல் சட்டம் 31ஏ முதல் உட்பிரிவு, ரெண்டாவது ப்ரொவைசோ (பிரிவோட ஒட்டி வர நிபந்தனை வரி). அந்த வரி எங்கேர்ந்து வந்துச்சுன்னு நோண்டப்போய்தான் இந்த 1964 கதை கிடைச்சுது. ரங்கா தோத்துப்போன அதே திருத்தத்துலதான் அந்த வரி உக்காந்திருக்கு.

ஆளு யாரு

பொறந்தது 1900 நவம்பர் 7, நிடுப்ரோலு, அப்போ அது மெட்ராஸ் மாகாணம். ஆக்ஸ்ஃபோர்டுல பொருளாதாரம் படிச்சிட்டு வந்து பச்சையப்பன் காலேஜ்ல வாத்தியாரா இருந்தாரு. இப்ப சேத்துப்பட்டுல இருக்கற காலேஜ் இல்ல, காலேஜ் அங்க போனது 1940-ல. அவரு வேலை பார்த்தப்போ அது ஜார்ஜ் டவுன்லதான், என்.எஸ்.சி. போஸ் ரோட்டுல பெரிய பெரிய தூண் வெச்ச பச்சையப்பன் மண்டபம் இருக்கே, அந்த இடம். ஐகோர்ட்டுக்கு எதிர்ல பிளாட்பாரத்துல பழம் வித்துக்கிட்டிருக்கற ஆளுங்க தினமும் அதைத் தாண்டித்தான் போறாங்க. நானும்தான்.

1930-ல டெல்லி மத்திய சட்டசபைக்குப் போனவரு, நடுநடுவுல தோத்தாலும் 1991 வரைக்கும் ஏதோ ஒரு சபையில உக்காந்திருந்தாரு. அவ்ளோ நாள் பார்லிமெண்ட்ல இருந்ததுக்கு கின்னஸ்ல பேர் வந்துச்சு. ஆனா எனக்கு அந்த வருஷக் கணக்கை விட, அவரு எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சாருங்கறதுதான் முக்கியமா படுது. 1930-கள்ல வெங்கடகிரி ஜமீன் ரைத்துங்க (நிலத்தை வெச்சு விவசாயம் பண்ற குடியானவங்க) போராட்டத்துல முன்னாடி நின்னாரு. வெங்கடகிரி இங்கேர்ந்து ஒண்ணும் தூரம் இல்ல, கும்மிடிப்பூண்டி தாண்டி கூடூர்ல ரயில் மாறினா வந்துடும். நிடுப்ரோலுல விவசாயிங்களுக்கு அரசியல் சொல்லிக் குடுக்க ஒரு பள்ளிக்கூடமே நடத்துனாரு. 1936-ல லக்னோவுல அகில இந்திய கிசான் சபா ஆரம்பிச்சப்போ சுவாமி சகஜானந்தர் தலைவரு, ரங்கா பொதுச்செயலாளரு. கம்யூனிஸ்ட்டுங்களோட ஒரே மேடையில நின்ன ஆளு. ஜமீன் ஒழியணும்னு பேசுன ஆளு.

அந்த ஆளுதான் இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு நில உச்சவரம்பை எதிர்க்கறாரு. அவரு கட்சியில பழைய ராஜாங்க, ஜமீன்தாருங்க எல்லாம் உக்காந்திருக்காங்க. இங்க நிறைய பேரு அவரை பணக்கார விவசாயிக்கு வக்காலத்து வாங்குன ஆளுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. அதுல உண்மை இருக்கு, ஆனா முழுசா இல்ல. அவரு சொன்னதுல ஒரே கோடு ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஓடுது. நிலம் உழுறவன் கையில இருக்கணும், அதுக்கு மேல ஜமீன்தாரும் உக்காரக் கூடாது, கூட்டுப் பண்ணைன்னு சொல்லிக்கிட்டு சர்க்காரும் உக்காரக் கூடாது. பிரச்சனை எங்கன்னா, "உழுறவன்"னு அவரு கூப்பிட்ட கூட்டத்துல ரெண்டு ஏக்கர்க்காரனும் இருந்தான், இருநூறு ஏக்கர்க்காரனும் இருந்தான். ரெண்டு பேருக்கும் அவரு வெச்ச பேரு ஒண்ணுதான், ரைத்து.

சண்டை எங்க ஆரம்பிச்சுது

1959 ஜனவரில நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுல ரெண்டு விஷயம் தீர்மானம் போட்டாங்க. நிலத்துக்கு உச்சவரம்பு, அப்புறம் கூட்டுறவு முறையில சேர்ந்து விவசாயம். ரங்கா காங்கிரஸை விட்டு வெளிய வந்தாரு. அந்த வருஷம் ஜூன் மாசம் மெட்ராஸ்லதான் சுதந்திரா கட்சி அறிவிப்பு வந்துச்சு, ராஜாஜி பின்னாடி மூளை, ரங்கா தலைவரு. 1962 பொதுத்தேர்தல்ல தெனாலில நின்னு தோத்தாரு. அந்த வருஷமே சித்தூர் எம்பி அனந்தசயனம் அய்யங்கார் பீகார் கவர்னரா போக, அங்க வந்த இடைத்தேர்தல்ல ஜெயிச்சு லோக்சபாவுக்குப் போயிட்டாரு. சித்தூர் ஜில்லா 1953 வரைக்கும் நம்ம கூட இருந்த ஜில்லா, அதுலேர்ந்துதான் 1960-ல திருத்தணி பிரிஞ்சு இங்க வந்துச்சு. அதாவது நம்ம பக்கத்து வீட்டு எம்பி.

இங்க மெட்ராஸ்ல காமராஜர் மந்திரிசபையில வருவாய்த்துறை பார்த்தவரு மாணிக்கவேலு நாயக்கரு. அவரும் கிராமத்து அரசியல்வாதிதான், வட ஆற்காடு, செங்கல்பட்டு பக்கத்து விவசாயிங்களை வெச்சு காமன்வீல்னு தனிக் கட்சி நடத்திட்டு அப்புறம் காங்கிரஸ் மந்திரியானவரு. ரங்கா எதிர்த்த அதே சரக்கை இவருதான் இங்க கொண்டு வந்தாரு. 1960 ஏப்ரல்ல பில்லு, 1961-ல 58-வது சட்டம். மெட்ராஸ் நிலச் சீர்திருத்த (நில உச்சவரம்பு நிர்ணய) சட்டம். அஞ்சு பேரு இருக்கற குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர், அதுக்கு மேல தலைக்கு அஞ்சு, எப்படிப் போனாலும் 60-ஐத் தாண்டக் கூடாது. ஸ்டாண்டர்ட் ஏக்கர்ங்கறது நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்ளோங்கறதை வெச்சு வரும், நல்ல நஞ்சைன்னா ஒண்ணுக்கு ஒண்ணு, காஞ்ச புஞ்சைன்னா மூணு நாலு ஏக்கர் சேர்ந்தாத்தான் ஒரு ஸ்டாண்டர்ட் ஏக்கர். கரும்பு, தோப்பு, மேய்ச்சல், டிரஸ்ட்டுன்னு விதிவிலக்கு வேற ஏகத்துக்கும். விதிவிலக்குப் பட்டியலைப் படிச்சா பெரிய பண்ணைக்காரன் பயந்திருக்கவே வேணாம்னுதான் எனக்குத் தோணுது.

ஆனாலும் கேசு போட்டாங்க. ஏ.பி.கிருஷ்ணசாமி நாயுடு எதிர் மெட்ராஸ் அரசு. 1964 மார்ச் 9, சுப்ரீம் கோர்ட் சட்டத்தை முழுசா அடிச்சுத் தள்ளிடுச்சு. காரணம் ரெண்டு. ரெண்டும் சமத்துவம் சம்பந்தப்பட்டது, 14-வது பிரிவு. நான் இங்க கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா இந்த தீர்ப்பை யாரும் படிக்காமலே "கோர்ட் ஜமீன்தார் பக்கம் போயிடுச்சு"ன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க.

மொத காரணம், சட்டத்துல குடும்பம்னா புருஷன், பொண்டாட்டி, மைனர் பசங்க, கல்யாணம் ஆகாத பொண்ணுங்க, அவ்ளோதான் (அப்பா அம்மா இல்லாத பேரப்பசங்களுக்கு ஒரு தனி வரி உண்டு). மேஜர் பையன் கணக்குல வர மாட்டான். இப்ப பேச்சுக்கு ஒரே ஊர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ஆளுக்கு 90 ஸ்டாண்டர்ட் ஏக்கர், பாகம் பிரியாத சொத்து. அண்ணனுக்கு ரெண்டு பையனும் மேஜர். அப்பா பங்கு 30, பசங்க ஒவ்வொருத்தன் பங்கும் 30, மூணு பேரும் தனித்தனியா வரம்புக்குள்ள, உபரி பூஜ்யம். தம்பிக்கு ரெண்டு பையனும் மைனர். மொத்தமும் ஒரே குடும்பம், 30 போக 60 உபரி. பையனுக்கு எத்தனை வயசுங்கறதுல 60 ஏக்கர் தொங்குது. இது எந்த ஊர் நியாயம்னு கோர்ட் கேட்டுச்சு.

ரெண்டாவது நஷ்டஈடு. நிகர வருமானத்தை இத்தனை மடங்குன்னு பெருக்கித் தருவாங்க, ஆனா வருமானம் கூடக்கூட மடங்கு குறைஞ்சுக்கிட்டே வரும். இதுவும் பாரபட்சம்னு சொல்லிட்டாங்க. இதே மாதிரி காரணத்துக்கு 1961 டிசம்பர்லயே கேரளா சட்டம் ஒண்ணு காசர்கோடு, ஹோஸ்துர்க் பக்கத்து ரைத்துவாரி நிலத்தை (ரைத்தே நேரா சர்க்காருக்குத் தீர்வை கட்டுற நிலம்) பொறுத்த வரைக்கும் அடிபட்டுப் போயிருந்துச்சு. அந்த ரெண்டு தாலுகாவும் பழைய மெட்ராஸ்லேர்ந்து போனதுதான், பாருங்க.

முடிச்சு இங்கதான் இருக்கு. 1951-லயே நிலச் சீர்திருத்த சட்டத்தை கோர்ட் சமத்துவம், சொத்துரிமைன்னு சொல்லி அடிக்கக் கூடாதுன்னு 31ஏ-ன்னு ஒரு பாதுகாப்பு போட்டு வெச்சிருந்தாங்க. ஆனா அது "எஸ்டேட்"டுக்கு மட்டும். ஜமீன், இனாம், அந்த வகை. வெள்ளைக்கார கவர்னர் மன்றோ காலத்துலேர்ந்து மெட்ராஸ்ல பாதிக்கு மேல நிலம் ரைத்துவாரி, ரைத்து நேரா சர்க்காருக்குத் தீர்வை கட்டுறான், நடுவுல யாரும் இல்ல. அந்த நிலம் எஸ்டேட் இல்ல. அதனால அந்த நிலத்தைத் தொடுற சட்டத்துக்குப் பாதுகாப்பும் இல்ல.

திருத்தம் செஞ்ச வேலை

17-வது திருத்தம் இதுக்கு ரெண்டு பூட்டு போட்டுச்சு. எஸ்டேட்ங்கற சொல்லுக்குள்ள ரைத்துவாரி நிலத்தையும் கொண்டு வந்துச்சு. விவசாயத்துக்கான நிலம், தரிசு, காடு, மேய்ச்சல், கூலி ஆளுங்க, கைவினைக்காரங்க குடியிருக்கற மனை வரைக்கும் எல்லாம் உள்ள. அடுத்தது அரசியல் சட்டத்தோட ஒன்பதாவது அட்டவணையில (அதுல ஏறுன சட்டத்தை அடிப்படை உரிமையைச் சொல்லி கோர்ட் அடிக்கக் கூடாதுன்னு ஏற்பாடு) 44 சட்டத்தை மொத்தமா ஏத்துனாங்க, கோர்ட்ல அடிபட்டுப்போன நம்ம மெட்ராஸ் 58-வது சட்டமும் அதுல ஒண்ணு. செத்துப்போனதா நினைச்ச சட்டம் எழுந்து உக்காந்துடுச்சு, பிற்பாடு 1970-ல அதே சட்டத்துல 30-ஐ 15 ஆக்குனது கருணாநிதி ஆட்சி.

ரங்காவும் ராஜாஜியும் இதை எதிர்த்து சொன்னது எளிமையானது. ஜமீன்தார்கிட்டேர்ந்து எடுத்ததுக்கு ஒரு நியாயம் இருந்துச்சு, அவன் உழல, நடுவுல நின்னு வாங்குனான். ரைத்து அப்படியா? அவன் நிலத்தையும் எஸ்டேட்னு பேர் மாத்தி சமத்துவம் கேக்கற உரிமையைப் புடுங்கிட்டா, நாளைக்கு எந்த சர்க்காரு எதுக்கு வேணா எடுத்தா அவன் எங்க போவான்? 

ரங்காவோட வாதத்துல எனக்குப் பிடிச்ச இடமும் இதுதான், பிடிக்காத இடமும் இதுதான். நாளைக்கு எதுக்கு வேணா எடுப்பாங்கன்னு சொன்னது அப்படியே நடந்துச்சு. ஆனா அதைச் சொல்லும்போது நிலமே இல்லாத கூலிக்காரன் அவரு பேச்சுல எங்க நிக்கறான்னு தேடுனா கிடைக்க மாட்டான். உச்சவரம்பு வந்தா சின்ன ரைத்துக்கு ஒண்ணும் போகாது, அவன்கிட்ட 30 ஸ்டாண்டர்ட் ஏக்கரே கிடையாதே. சின்னவன் பயத்தைக் காட்டி பெரியவன் நிலத்தைக் காப்பாத்துற அரசியல் அது. எங்க ஆபீஸ் சீனியர் குமாஸ்தா, முப்பது வருஷமா இந்தக் கட்டைப் பார்க்கறவரு, அவர்கிட்ட இதைச் சொன்னேன். "தம்பி, பெரியவன் எப்பவும் தன் பத்திரத்தை சின்னவன் பைல வெச்சுதான் கோர்ட்டுக்கு அனுப்புவான்"னாரு.

இப்ப அந்த வரிக்கு வரேன். எஸ்டேட்ல ரைத்துவாரியைச் சேர்த்த அதே திருத்தம், 31ஏ-ல ஒரு ப்ரொவைசோவையும் சேர்த்துச்சு. சாரம் இதுதான்: ஒருத்தரு தானே பயிர் பண்ற நிலம், அவருக்கான உச்சவரம்புக்குள்ள இருக்கற நிலம், அதை அரசாங்கம் எடுக்கணும்னா, எடுக்கற சட்டம் மார்க்கெட் விலைக்குக் குறையாம நஷ்டஈடு தரணும், இல்லன்னா எடுக்கக் கூடாது. அந்த நிலத்து மேல இருக்கற வீடு, கட்டடத்துக்கும் அப்படியே.

ரங்கா ஒரே பேர்ல கூப்பிட்ட கூட்டத்தை இந்த வரி ரெண்டாப் பிரிச்சுது. வரம்புக்கு மேல வெச்சிருக்கறவனா, சர்க்காரு சொன்ன விலை. வரம்புக்குள்ள சொந்தமா உழுறவனா, மார்க்கெட் விலை. அவரு முப்பது வருஷம் பேசியும் போடாத கோட்டை, அவரை ஜெயிச்ச திருத்தம் போட்டுச்சு. 

இதோட ஆயுசும் கெட்டி. 17-வது திருத்தம் செல்லும்னு 1964 அக்டோபர்ல சஜ்ஜன் சிங் கேசுல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. 1967-ல கோலக்நாத் கேசுல 6-க்கு 5, இனிமே அடிப்படை உரிமையில கை வைக்கக் கூடாதுன்னாங்க. 1973-ல கேசவானந்த பாரதி கேசு, அரசியல் சட்டத்தோட அடிப்படைக் கட்டமைப்பைத் தொடாம திருத்தலாம்னாங்க. 1978-ல 44-வது திருத்தம் வந்து சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியல்லேர்ந்தே தூக்கிடுச்சு, இப்ப அது 300ஏ, அரசியல் சட்டத்துல இருக்கு, ஆனா அடிப்படை உரிமை இல்ல. ஒன்பதாவது அட்டவணைன்னா அசைக்க முடியாதுங்கறதும் 2007-ல நம்ம கூடலூர் ஜன்மம் நில சட்டத்தை வெச்சு வந்த கொயலோ கேசுல தளர்ந்துடுச்சு. இவ்ளோ அடி புடியிலயும் அந்த ப்ரொவைசோ மட்டும் இன்னிக்கும் அப்படியே நிக்குது. சின்ன விவசாயிக்கு அரசியல் சட்டத்துல விலை பத்தி மிஞ்சியிருக்கற நேரடி வார்த்தை அது.

ஆனா அது விலைக்கான வார்த்தைதான், வேணாம்னு சொல்றதுக்கான வார்த்தை இல்ல. ரங்கா கத்துனது "எடுக்காதே"ன்னு, மிஞ்சுனது "எடுத்தா இவ்ளோ குடு"ன்னு. 2013 மத்திய நில எடுப்புச் சட்டம்தான் சம்மதம், சமூகத் தாக்க ஆய்வுன்னு முதல் தடவையா "கேட்டுட்டு எடு"ங்கற பக்கம் கொஞ்சம் நகர்ந்துச்சு. தமிழ்நாடு என்ன பண்ணுச்சு? 105ஏ-ன்னு ஒரு பிரிவைச் சேர்த்து, தொழில் திட்டத்துக்கான 1997 சட்டம், 2001 நெடுஞ்சாலை சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டத்துக்கான 1978 சட்டம், இந்த மூணையும் அந்த நடைமுறைக்கு வெளிய நிறுத்துச்சு. விலை மட்டும் மத்திய சட்டப்படி. 2019 ஜூலைல ஐகோர்ட் அதை அடிச்சுது, உடனே அந்த வருஷமே முன்தேதி போட்டு ஒரு புது சட்டம், 2021 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் அது செல்லும்னுடுச்சு.

அப்புறம் 2023 ஏப்ரல் 21. அன்னிக்கு சட்டசபையில ரெண்டு பில்லு நிறைவேறுச்சு. ஒண்ணு 12 மணி நேர வேலை. அதுக்கு திருவொற்றியூர், மணலி, அம்பத்தூர்னு தொழிற்சங்கமெல்லாம் எழுந்து நின்னுச்சு, மே தினத்தன்னிக்கு வாபஸ்னு அறிவிப்பே வந்துடுச்சு. இன்னொண்ணு சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டத்துக்குள்ள ஏரி, குளம், வாய்க்கா வந்தா அதையும் சேர்த்து எப்படிக் குடுக்கறதுன்னு. அது விவாதமே இல்லாம போச்சு, சட்டமாவும் ஆயிடுச்சு. 1964-ல ஆள் வரலன்னு ஒரு பில்லு விழுந்துச்சு, இங்க எல்லாரும் இருந்தும் யாரும் பேசல. சட்டசபையில ஒரு ரங்கா இருந்திருந்தா அவரு பெரிய பண்ணைக்காரனுக்காகவே பேசியிருந்தாக்கூட, ஒரு மணி நேரமாவது அந்த ஏரி வாய்க்கா பேரு அவைக்குறிப்புல ஏறியிருக்கும்.

எந்த மார்க்கெட்டு

இந்த ப்ரொவைசோ எங்க டேபிள்ல எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு கேசை வெச்சு சொல்றேன், பேரு ஊரு வேணாம். பொன்னேரி தாண்டி ஒரு கிராமம், பெரியவரு ஒருத்தரு, ஒரு ஏக்கர் அறுபது சென்ட் நஞ்சை, ரெண்டு போகம் நெல்லு. ரோடுக்குப் போச்சு. அவரு மச்சான் வியாசர்பாடில இருக்காரு, அவருதான் கூட்டிட்டு வந்தாரு. சட்டப்படி மார்க்கெட் விலை கண்டிப்பா உண்டு பெரியவரேன்னு எங்க வக்கீல் சொன்னதும் மச்சான் கேட்டாரு, "இன்னா சார், மார்க்கெட்டு மார்க்கெட்டுன்றீங்க, எந்த மார்க்கெட்டு? கொத்தவால் சாவடியா?"

சிரிச்சோம், ஆனா கேள்வி சரி. 2013 சட்டம் 26-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஒண்ணு பத்திரப்பதிவு கைட்லைன் வேல்யூ (பதிவுக்குன்னு அரசாங்கம் வெச்சிருக்கற நில மதிப்பு), இல்ல சுத்துவட்டாரத்துல முந்தின மூணு வருஷத்துல பதிவான கிரயப் பத்திரங்களோட சராசரி, இதுல எது கூடுதலோ அது. சராசரி எடுக்கும்போதும் எல்லாப் பத்திரத்தையும் இல்ல, விலை கூட இருக்கற மேல் பாதியை மட்டும். பத்து பத்திரம் இருந்தா கீழ இருக்கற அஞ்சைத் தள்ளிட்டு மேல அஞ்சுல சராசரி. அதை ஊரகம்னா 1-லேர்ந்து 2-க்குள்ள ஒரு எண்ணால பெருக்கி, அதுக்கு மேல நூத்துக்கு நூறு சொலேஷியம் (கட்டாயமா எடுக்கறதுக்கான கூடுதல் தொகை). பேப்பர்ல பார்த்தா அமோகம்.

எங்க ஓட்டைன்னா அந்தப் பத்திரத்துலயே. நம்ம ஊர்ல கிரயம் பேசுறது ஒரு விலை, எழுதுறது ஒரு விலை. ஸ்டாம்ப், பதிவுக் கட்டணம் மிச்சம் பண்ண எல்லாரும் கைட்லைன் வேல்யூக்கே எழுதிட்டு மீதியைக் கையில குடுத்துக்கறோம். அந்தக் கட்டுல நான் எடுத்து வெச்ச வில்லங்கச் சான்றுல இருந்த பத்திரம் அத்தனையும் கைட்லைனை ஒட்டியே, ஏதோ ஊரே கூடிப் பேசி வெச்ச மாதிரி ஒரே ரேட்டு. மேல் பாதி எடுத்தாலும் கீழ் பாதி எடுத்தாலும் வித்தியாசமே வரல. அதுக்கு மேல 2017 ஜூன்ல தமிழ்நாட்டுல கைட்லைன் வேல்யூவை ஒரேயடியா 33 சதவீதம் குறைச்சாங்க, வாங்கறவங்களுக்கு சந்தோஷம், ரியல் எஸ்டேட்காரங்களுக்கு சந்தோஷம், 2023-லதான் பழைய மட்டத்துக்குத் திருப்புனாங்க. நடுவுல அந்த ஆறு வருஷத்துல யாரு நிலத்துக்கு நோட்டீஸ் வந்துச்சோ அவனுக்கு மார்க்கெட் விலைங்கறதே மூணுல ஒரு பங்கு இறங்கி நின்னுச்சு. இந்தப் பெரியவரு அதுல ஒருத்தரு. நிலத்தை எடுக்கற அரசாங்கமும் அந்த நிலத்தோட விலையை எழுதி வைக்கிற அரசாங்கமும் ஒண்ணா இருக்கும்போது, மார்க்கெட் விலைக்குக் குறையாமங்கற வார்த்தைக்கு எவ்ளோ பலம் இருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க. மறுப்பு மனு போட்டு, பக்கத்து மனைப் பிரிவுல பேங்க் லோன் போட்டு வாங்குன ரெண்டு பத்திரம், விலை உள்ளபடி எழுதுனது, அதைத் தேடிப் பிடிச்சு சேர்த்திருக்கோம். கேசு நடக்குது.

இதே கட்டுல இன்னொரு ஆளும் உண்டு, ஆனா மனுதாரர் பட்டியல்ல இல்ல. பெரியவரு நிலத்துக்கு அடுத்த நிலம், ஓனரு சவுகார்பேட்டைல இருக்காரு, வருஷத்துக்கு ஒரு தடவை வந்து நெல்லு மூட்டையை எண்ணிட்டுப் போவாரு. உழுறது உள்ளூர் ஆளு ஒருத்தரு, ரெண்டு தலைமுறையா வாய்வார்த்தை குத்தகை. பட்டாவுல ஓனரு பேரு, சிட்டாவுலயும் ஓனரு பேரு, அடங்கல்ல பயிர் யாரு பண்றாங்கன்னு இருக்கற கலத்துலயும் ஓனரு பேருதான் ஏறியிருக்கு. நஷ்டஈடு சவுகார்பேட்டைக்குப் போகும். ப்ரொவைசோ "தானே பயிர் பண்றவருக்கு"ன்னு சொல்லுது, ஆனா பேப்பர்படி இங்க தானே பயிர் பண்றவரு ஓனரு. ரங்காவோட ரைத்துல இந்த ஆளுக்கு இடம் இருந்துச்சான்னு தெரிஞ்சுக்க ரொம்ப தூரம் போக வேணாம், அவரு எழுப்புன கேள்வி எல்லாமே நிலம் யாரு பேர்ல இருக்கோ அவனோட உரிமை பத்தினது. 2013 சட்டம் குத்தகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பம்னு சொல்லுது, மறுவாழ்வுப் பணம் உண்டு, ஆனா நிரூபிக்கணும்.

நிரூபிக்க வழி ஒண்ணு இருக்கு. 1969-ல 10-வது சட்டம், தமிழ்நாடு விவசாய நிலக் குத்தகை உரிமைப் பதிவேடு சட்டம். குத்தகைதாரரு தன் பேரைப் பதிவேட்டுல ஏத்தச் சொல்லி தாசில்தார் ஆபீஸ்ல மனு குடுக்கலாம், விசாரணை நடக்கும், ஓனரு மறுத்தா சாட்சி, ரசீது, பக்கத்து நிலத்துக்காரங்க வாக்குமூலம் எல்லாம் பார்ப்பாங்க. நோட்டீஸ் வந்த பிறகு போனா, பணத்துக்காக வந்திருக்கான்னு ஓனரு வக்கீல் முதல் கேள்வியே கேப்பாரு, அதனால ரோடு வரும்னு டீக்கடையில பேச்சு கிளம்புன அன்னிக்கே போகணும். அந்தக் குத்தகை ஆளுகிட்ட இதைச் சொன்னப்போ "ஓனர மொறைச்சுகினா அடுத்த போகம் யார் சார் குடுப்பா"ன்னாரு, அடுத்த போகம்னு ஒண்ணு அந்த நிலத்துல இல்லவே இல்லன்னு மச்சான்தான் அவருக்கு எடுத்துச் சொல்லி, மனுல கைநாட்டு வாங்கிக் குடுத்தாரு.